முன் பிரேக்கைக் கண்டு ஏன் பயம்?

கோண்டாவில் கராஜிலிருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாரி தொடங்கிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரேக் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, பிரேக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு நீண்ட பதில் எழுதியிருக்கிறேன். அந்தத் தங்கையின் கேள்வி யாழ்ப்பாணத்தில் ஸ்கூட்டர் ஓடும் ஆயிரக்கணக்கான பெண்களின் கேள்வி.

கேள்வி: உடுவிலிலிருந்து நகரத்துக்குத் தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வருகிறேன். இரண்டு சில்லுக்கும் டிரம் பிரேக். ஓடப் பழக்கிய நாளிலேயே என் கணவர், "வலக்கைப் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்று சொன்னார். ஐந்து வருடங்களாக இடக்கைப் பிரேக்கை மட்டுமே பிடிக்கிறேன். போன கிழமை ஒழுங்கையிலிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். பின்பக்கம் இழுபட்டு விழுந்துவிட்டேன். முழங்கை உரசியதோடு தப்பினேன். பிழை பிரேக்கிலா, என்னிலா அண்ணா? (வாசகி, உடுவில்)

பதில்: தங்கச்சி, முதலில், பெரிய காயமில்லாமல் தப்பியதற்கு நிம்மதி. உங்களுக்குச் சொல்லித்தந்த பாடத்தில்தான் பிழை இருக்கிறது. உங்கள் கணவரையும் நான் குறைசொல்லமாட்டேன். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

1994 ஆம் ஆண்டு. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். எனக்குப் பத்தொன்பது வயது. மாமாவின் ஹொண்டா எம்.டி. 90 இல் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோப்பாயிலிருந்து கைதடிப் பக்கம் போனேன். முன் பிரேக் எமன் என்று மாமா சொல்லியிருந்ததால் அந்த லீவரில் என் விரல் ஒருநாளும் பட்டதில்லை. வீதியோரம் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று திரும்பி வீதிக்கு ஏறியது. காலால் பின் பிரேக்கை மிதித்தேன். பின்சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கியதே தவிர, வேகம் குறையவில்லை. தம்பியின் முழங்கால் மூட்டு நொறுங்கியது. இன்றைக்கும் அவனால் சப்பாணி கட்டி உட்கார முடியாது. வீட்டில் எல்லாரும் பந்தியில் இருக்கும்போது அவனுக்கு மட்டும் ஒரு கதிரை போடுவோம். பிறகு நான் அந்த மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்தேன். பின் பிரேக் சூ (டிரம்மினுள் உராய்ந்து சில்லை நிறுத்தும் துண்டு) காகிதம்போல் தேய்ந்திருந்தது. முன் பிரேக் சூ கடையில் வாங்கியபடியே இருந்தது.

கராஜ் போட்டு 28 வருடங்கள் ஆகின்றன. இன்றும் அதே காட்சியைத்தான் பார்க்கிறேன். பின் சூ இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, முன் சூ புத்தம் புதிதாக இருக்கிறது என்றால், அந்த வாகனத்தை ஓடுபவர் பயந்து ஓடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவருக்கு ஒரு பிளேன்டி கொடுத்து இருத்திவைத்து, இப்போது உங்களுக்குச் சொல்வதைத்தான் சொல்வேன்.

பருத்தித்துறை பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது சாரதி பிரேக் பிடித்தால் எல்லாரும் முன்னுக்குச் சாய்வோம் அல்லவா? ஸ்கூட்டரிலும் அதேதான் நடக்கிறது. பிரேக் பிடித்த உடனே வாகனத்தின் பாரமும் உங்கள் பாரமும் முன்சில்லின் மேல் இறங்குகின்றன. முன் ரயர் வீதியோடு அழுத்தமாக ஒட்டுகிறது, பின் ரயர் பாரமிழந்து இலேசாகிறது. இலேசான சில்லைப் பிடித்து இறுக்கினால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். காய்ந்த நல்ல வீதியில் அவசரமாக நிறுத்தும்போது, நிறுத்தும் வலுவில் ஏறத்தாழ முக்கால் பங்கை முன்சில்லே தருகிறது. அதைத் தொடாமல் ஓடுபவர் பிரேக்கின் பெரிய பங்கை இழந்து ஓடுகிறார்.

கணக்காகவும் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு செக்கனில் 11 மீற்றர் கடப்பீர்கள். நாயைக் கண்டு கை லீவருக்குப் போவதற்கே அந்த ஒரு செக்கன் போய்விடும். அதன் பிறகு இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் இன்னும் 10 மீற்றர் அளவில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 20 மீற்றர் வேண்டும். 60 இல் ஓடினால் இந்த 10 மீற்றர் 15 ஆகாது, 22 ஆகும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்கு கூடும். பின் பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு அது 45 மீற்றர் ஆகும்.

அப்படியானால் "தூக்கி எறியும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதில் உண்மையும் இருக்கிறது. டிரம் பிரேக்கினுள் சூவை விரிக்கும் ஒரு சிறிய அச்சு உண்டு. மாதக்கணக்கில் முன் பிரேக்கைத் தொடாமல் விட்டால் அந்த அச்சில் துரு ஏறும், கேபிளும் இறுகும். அப்புறம் ஒருநாள் பதற்றத்தில் இழுக்கும்போது, முதலில் ஒன்றும் நடக்காமல் திடீரெனக் கவ்விக்கொள்ளும். ஆள் விழுவார். "பார்த்தாயா, முன் பிரேக் தூக்கி எறிந்துவிட்டது" என்பார்கள். பாவிக்காமல் விட்டதால் கெட்டுப்போன பிரேக்கைக் காட்டி, பாவிக்கவே கூடாது என்று பாடம் சொல்கிறோம். இந்தச் சுற்று எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

இன்னொரு காரணம் வெடுக்கென்று இழுப்பது. பாரம் முன்சில்லில் இறங்க ஒரு கணமாவது வேண்டும். அதற்கு முன் முழுப் பலத்தோடு இழுத்தால் முன்சில்லு பூட்டும். தேங்காய்ப்பூவைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கை கொஞ்சம் அழுத்தும், பால் வரவர இறுக்கம் கூடும். பிரேக் லீவரையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். இடக்கையும் வலக்கையும் சேர்ந்து தொடங்கட்டும். பிறகு வலக்கை அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகட்டும். முன்சில்லு பூட்டுவதுபோல் இருந்தால் வலக்கையை உடனே தளர்த்தி மீண்டும் பிடியுங்கள். கண் தூரத்தைப் பார்க்க வேண்டும். சில்லைப் பார்த்தால் ஸ்கூட்டரும் அந்தப் பக்கமே சரியும்.

முதலில் வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுபோய் முன் டிரம்மைத் திறந்து, அச்சைக் கழற்றித் துப்புரவாக்கி, அச்சுக்கு மட்டும் மிகக் கொஞ்சம் கிரீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். சூவில் கிரீஸ் படவே கூடாது. உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத விடாதீர்கள். பழைய சூக்களில் கல்நார் இருந்திருக்கலாம், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைப்பதே சரி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மண் இல்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான வீதியில் 20 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கிப் பழகுங்கள். பத்துத் தடவை நின்று பாருங்கள். கை பழகியதும் 30. கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் பழகட்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒழுங்கை வாசலில் மணல் பரவிக் கிடக்கும் இடத்திலும், கைப்பிடி திரும்பியிருக்கும்போதும் முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ரயருக்கு இருக்கும் பிடிமானம் ஒரு சம்பளம் மாதிரி, திரும்புவதற்குச் செலவழித்துவிட்டால் நிறுத்துவதற்கு மிச்சம் இராது. அதனால் மணலுக்கும் வளைவுக்கும் முன்பே, வாகனம் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: காரைநகரிலிருந்து வட்டுக்கோட்டைக்குத் தினமும் பொன்னாலைப் பாலத்தால் மீன் கொண்டுபோகிறேன். முன் டிஸ்க் பிரேக் கிறீச்சிடுகிறது. லீவரும் பஞ்சுபோல் அமுங்குகிறது. சத்தம் நிற்க டிஸ்கில் கொஞ்சம் எண்ணெய் பூசலாம் என்று ஒருவர் சொன்னார். பூசலாமா? (வாசகர், காரைநகர்)

பதில்: வேண்டாம் ஐயா, ஒரு சொட்டுக்கூட வேண்டாம். சத்தம் நிற்கும், ஆனால் வாகனம் நிற்காது. பாட் (டிஸ்கைக் கவ்வி நிறுத்தும் உராய்வுத் துண்டு) எண்ணெயைக் குடித்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் பழைய நிலைக்கு வராது, மாற்றத்தான் வேண்டும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு வேறு நோய். கிறீச்சிடுவது பெரும்பாலும் உப்புக்காற்றால் வருவது. பாலத்தில் காற்று அடிக்கும்போது உப்புநீர்த் தூறல் பட்டு, பாட்டைப் பிடித்திருக்கும் கலிப்பர் ஊசிகள் துருப்பிடித்து இறுகும். பாட் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நாளும் வீடு வந்ததும் சில்லுகளுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஊசிகளைக் கழற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் வைக்க வேண்டும். பாட்டின் உராயும் பகுதி 2 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் அதே நாளில் மாற்றிவிடுங்கள். டிஸ்கிலேயே அது எவ்வளவு மெலியலாம் என்று பொறித்திருக்கும். அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

லீவர் பஞ்சாவதுதான் ஆபத்தானது. பிரேக் ஒயிலில் காற்றோ நீரோ சேர்ந்திருக்கிறது. இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அதன் கொதிநிலை 155 வரை இறங்கிவிடலாம். பாரத்தோடு அடிக்கடி பிரேக் பிடித்து அது சூடேறினால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும், லீவர் கைப்பிடிவரை போய்விடும். மீன் பெட்டியோடு சந்தியில் அப்படி நடக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுவதையும் மாற்றிக் காற்றெடுக்க வேண்டும். மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே, முத்திரை உடைக்காத போத்தலிலிருந்து விடச் சொல்லுங்கள். போன வருடம் ஒருவர் தள்ளிக்கொண்டு வந்த வாகனத்தில் யாரோ என்ஜின் ஒயிலை விட்டிருந்தார்கள். உள்ளே இருந்த இறப்பர் வளையங்கள் எல்லாம் ஊதிப்போய், சில்லைக் கையால் சுற்றக்கூட முடியவில்லை.

கேள்வி: என் மோட்டார் சைக்கிளில் ஏபிஎஸ் இல்லை. பிரேக் குழாயில் பொருத்தும் ஏபிஎஸ் என்று ஒரு சிறிய உலோகத் துண்டு மலிவாக விற்கிறார்கள். பொருத்தினால் பலன் உண்டா? (பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, அந்தக் காசுக்கு ஒரு நல்ல முன் ரயர் வாங்குவதற்குச் சேமிக்கத் தொடங்குங்கள். உண்மையான ஏபிஎஸ் சில்லின் வேகத்தை அளக்கும். டிஸ்குக்குப் பக்கத்தில் துளைகளோ பற்களோ உள்ள ஒரு வளையம் இருக்கும். அதை ஓர் உணரி வாசித்துக்கொண்டே இருக்கும். சில்லு பூட்டப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு செக்கனுக்குள் பல தடவை அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். அந்த உலோகத் துண்டுக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. உள்ளே ஓர் இறப்பரோ வில்லோ இருந்து லீவரை இன்னும் பஞ்சாக்கும், அவ்வளவுதான்.

1988 இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் கே 100 மோட்டார் சைக்கிளில் முதன்முதலாக ஏபிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய இருசில்லு வாகனங்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது, 125 சிசியும் அதற்குக் குறைந்தவையும் குறைந்தது சிபிஎஸ் உடன் வர வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். எங்கள் வீதியில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வருவதால்தான் இந்த எழுத்துகளை முன்மட்காட்டில் காண்கிறீர்கள். சிபிஎஸ் என்றால் ஒரு பிரேக்கைப் பிடிக்க இரண்டு சில்லிலும் பிடிக்கும், ஆனால் சில்லு பூட்டுவதைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட வேண்டாம்.

பின்னொரு நாள் ஏபிஎஸ் உள்ள வாகனம் வாங்கினால், அவசரத்தில் லீவர் கைக்குள் துடிக்கும். பயந்து கையை விடாதீர்கள், துடித்தபடியே பிடித்திருங்கள். சாவி திறந்ததும் எரியும் ஏபிஎஸ் விளக்கு ஓடத் தொடங்கிச் சிறிது தூரத்தில் அணைய வேண்டும். அணையாவிட்டால் சாதாரண பிரேக் மட்டுமே உங்களிடம் இருக்கிறது.

கேள்வி: மழை நாளில் புகையிரதக் கடவையைக் கடக்கும்போது என் ஸ்கூட்டர் வழுக்குகிறது. பிரேக் பிடித்துக்கொண்டு கடப்பதா, பிடிக்காமலா? (வாசகி, கொக்குவில்)

பதில்: பிடிக்காமல், அக்கா. 1990 இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணம் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் ஓடப் பழகியவர்களுக்குத் தண்டவாளத்தைக் கடக்கும் பழக்கமே இல்லாமல் போய்விட்டது. நனைந்த இரும்பு சவர்க்காரம் பூசியதுபோல இருக்கும். கடவைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, பிரேக்கை விட்டுவிட்டு, தண்டவாளத்தைக் குறுக்காக வெட்டிக் கடந்து போங்கள். சாய்வாகப் போனால் சில்லு இடுக்கில் மாட்டும். வெள்ளைக் கோட்டுக் கடவைகளிலும் அதே கவனம் வேண்டும். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம்தான் மோசமானது, வீதியில் ஊறிய ஒயில் எல்லாம் மேலே மிதக்கும். வெள்ளத்துக்குள்ளால் வந்த பிறகு டிரம் பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓடிக்கொண்டே இலேசாகப் பிடித்துப் பிடித்து உலர்த்திவிட்டுத்தான் வேகமெடுக்க வேண்டும்.

கேள்வி: ரயரில் பூ நன்றாக இருக்கிறது. ஆனாலும் வழுக்குகிறது. ஏன்? (வாசகர், நெல்லியடி)

பதில்: ரயரின் பக்கவாட்டில் முட்டை வடிவத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது. 2020 இல் வாகன இறக்குமதி நின்றபின் பலர் வீட்டில் கிடந்த பழைய வாகனங்களை மீண்டும் எடுத்து ஓடத் தொடங்கினார்கள். அவற்றின் ரயர்கள் தேயாமலே காய்ந்து கல்லாகியிருந்தன. நகத்தால் அழுத்திப் பாருங்கள். இறப்பர் கொஞ்சமும் இறங்காவிட்டால், ஓரங்களில் மயிர் வெடிப்பு இருந்தால், பூவைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். காற்றையும் கிழமைக்கு ஒரு தடவை, சில்லு சூடேற முன், வாகனத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி பாருங்கள்.

கேள்வி: நான்கு வயது மகனை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து முன்பள்ளிக்குக் கொண்டுபோகிறேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நன்றாக நிற்பான். சில நாட்களில் அவனுக்குப் பக்கத்தில் காஸ் சிலிண்டரும் இருக்கும். மெதுவாகத்தான் ஓடுவேன். ஆபத்தா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: ஆபத்துத்தான், தங்கச்சி. உங்கள் கடிதத்தை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் பிள்ளைகளையும் அப்படிக் கொண்டுபோயிருக்கிறோம். அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

நீங்கள் பிரேக் பிடிக்கும்போது உங்கள் உடலைத் தாங்க இரண்டு கைகள் இருக்கின்றன. மகனைத் தாங்க ஒன்றும் இல்லை. 30 கிலோமீற்றர் வேகத்தில் போனாலும் அவன் அதே 30 இல் போய்க் கைப்பிடியிலோ மீட்டர் கண்ணாடியிலோ மோதுவான். அவன் வாய் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அவன் பிடித்திருக்கும் கை கைப்பிடியைத் திருப்பியும் விடும். வேறொன்றையும் கவனித்திருப்பீர்கள். அவன் முன்னால் நிற்கிறான் என்ற பயத்தில் நீங்கள் முழுப் பலத்தோடு பிரேக் பிடிக்கவே மாட்டீர்கள். அந்தத் தயக்கமே நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடும்.

12.5 கிலோ காஸ் நிறைந்த சிலிண்டர், இரும்போடு சேர்த்து அதைப்போல் இரண்டு மடங்கு பாரம் வரும். கால் வைக்கும் தட்டில் கட்டாமல் நிற்கும் அந்தப் பாரம் பிரேக் பிடித்த கணத்தில் முன்னால் சரியும். அதற்கும் ஸ்கூட்டரின் முன் தகட்டுக்கும் நடுவில் பிள்ளையின் கால் இருக்கும். சிலிண்டரை முச்சக்கர வண்டியில் எடுப்பியுங்கள், அல்லது மகனை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக, கட்டிக் கொண்டுவாருங்கள்.

மகனைப் பின்னால் இருத்துவதானால் அவன் கால் மிதிபடியில் எட்ட வேண்டும், உங்கள் இடுப்பைப் பிடித்திருக்கும் பலம் அவன் கையில் இருக்க வேண்டும், அவன் தலைக்குப் பொருந்தும் சிறிய தலைக்கவசம் வேண்டும். நான்கு வயதில் கால் எட்டாது. எட்டும்வரை முன்பள்ளிக்கு அவனோடு நடந்து போங்கள். தூரமென்றால் அயலில் இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து ஒரு முச்சக்கர வண்டியை மாதக் கணக்கில் பேசிக்கொள்ளலாம். கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடுகள் அப்படித்தான் செய்கின்றன. காலை ஏழே காலுக்கு அந்த வண்டி என் கராஜ் வாசலால் போகும்.